அக்காவின் தூண்டில் தாங்கி

எங்கள் பட்டறையில் ஆடுகிற சாமானுக்கு மரியாதை கிடையாது. முப்பத்தைந்து வருடமாக நான் செய்து வருவதெல்லாம் எதையாவது இறுக்கிப் பிடிக்கிற சாமான்கள். போர்வெல் குழாயைப் பிடிக்கிற கிளாம்பு, மோட்டாரை மேடையோடு பிடிக்கிற பிராக்கெட், கேபிளைச் சுவரோடு பிடிக்கிற கிளிப். கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு சந்துக்குள் ஷெட், இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், இருபது வருடமாக என்னோடு இருக்கும் ஒரு ஃபிட்டர். அவ்வளவுதான் என் சாம்ராஜ்யம். எது செய்து முடித்தாலும் முதலில் கையில் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். நூலளவு ஆடினாலும் ஃபிட்டருக்கு அர்ச்சனை விழும். அடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி மினுக்கம் பார்ப்பேன். ஒரு பிசிறு இருந்தாலும் வாசலைத் தாண்ட விடமாட்டேன். இந்த இரண்டு குணத்தையும் நான் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் அக்காவுக்காக ஒரே ஒரு சாமான் செய்தேன். பனிக்கட்டி ஏரியில் மீன் பிடிக்கும்போது தூண்டில் கோலை வைக்கிற தாங்கி. அதைச் செய்யும்போது முதல் குணத்தை அவள் திருத்தினாள். இரண்டாவதைத் திருத்திக்கொள்ள எனக்குப் புத்தி வரவில்லை.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். பெருந்துறையில் கட்டிக்கொடுத்திருந்தது. மச்சான் இறந்து ஒரு வருடம் தனியாகக் கிடந்தவளை அவளுடைய ஒரே மகன் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அந்த நாட்டின் நட்டநடுவில், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏரியாக இருக்கிற ஒரு பகுதி. அங்கே போய் இந்த வயதில் என்ன செய்வாள் என்று சொந்தபந்தமெல்லாம் உச்சுக்கொட்டியது. போன முதல் குளிர்காலத்தில் அவளிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை. நடுவில் கவிழ்த்துப்போட்ட பெயிண்ட் பக்கெட். அதன்மேல், மெத்தையைச் சுற்றிக் கட்டியது போல ஒரு கோட்டுக்குள் அக்கா. கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு கோல். காலடியில் ஒரு ஓட்டை. நான் உடனே கூப்பிட்டேன்.

"இது என்னங்கக்கா, உப்பளமா?"

"ஏரி சாமி. ஏரி மேல உக்காந்துட்டு இருக்கறேன்."

"ஏரி மேலயா? ஒடைஞ்சு போச்சுன்னா?"

"இதுமேல வண்டியே ஓட்டீட்டுப் போறாங்க. உன்ற அக்கா எடைக்கா ஒடையப்போகுது?"

அங்கே மார்கழி பிறக்கும்போது ஏரி கல்லாக இறுகிவிடுமாம். ஒரு முழக் கனத்துக்குப் பனிக்கட்டி. துளைபோடுகிற கருவியால் குடத்து வாய் அளவுக்கு ஓட்டை போட்டு, மேலே சின்னக் கூடாரம் அடித்து, பக்கெட்டின்மேல் உட்கார்ந்து தூண்டில் நரம்பை உள்ளே விடுவார்கள். சனிக்கிழமை தோறும் அவள் மகன், என் மருமகன், அவளைக் கூட்டிக்கொண்டு போனான். எட்டு மீன் பிடித்தேன், மூன்று மீன் பிடித்தேன் என்று அவள் சொல்வாள். ஒன்றும் பிடிக்காத வாரமும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அப்படி என்னதான் இருக்கிறது அங்கே என்று ஒரு தடவை கேட்டேன்.

"அங்க உக்காந்தா ஒண்ணும் நெனப்பு வாரதில்ல தம்பி. உங்க மச்சான் போனது, ஊடு பூட்டிக் கெடக்கறது, ஒண்ணுமே தோணாது. அந்த ஓட்டையப் பாத்துட்டு இருந்தாப் போதும். மத்த ஆறு நாளும் நான் அந்த ஒரு நாளுக்குத்தான் காத்துட்டுக் கெடக்கறேன்."

இரண்டு குளிர்காலம் இப்படிப் போயிற்று. மூன்றாவது வருடம் ஆனி மாதத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, நடையும் கொஞ்சம் இழுப்போடு திரும்பிவிட்டது. வலது கை மட்டும் திரும்பவில்லை. தோளிலிருந்து அது பாட்டுக்குத் தொங்கும். டம்ளரைக் கொடுத்தால் விரல் மடங்கும், பிடிக்காது.

ஐப்பசியில் ஒருநாள் காலை ஏழு மணிக்கு நான் பட்டறை ஷட்டரைத் தூக்கும்போது அவளிடமிருந்து அழைப்பு. அங்கே முந்தின நாள் பொழுது சாய்ந்த நேரம்.

"தம்பி, நான் ஒண்ணு கேட்டா செஞ்சு குடுப்பியா?"

அறுபது வருடத்தில் அக்கா என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. ஆடிக்கும் பொங்கலுக்கும் நாங்கள் சீர் கொண்டுபோனால்கூட, இதெல்லாம் எதற்கு என்றுதான் சொல்வாள்.

"கேளுங்கக்கா."

"இந்தக் குளுருக்கும் நான் ஏரிக்குப் போகோணும். உக்கார முடியும், குளுரு தாங்க முடியும். ஆனா எடது கையில ரீலச் சுத்துனா கோலப் புடிக்க ஆளில்ல. இவன் கடையில மூணு ஸ்டாண்டு வாங்கியாந்தான். ஒண்ணு ரெண்டு கையில திருகோணும். ஒண்ணு என்னால தொறக்கவே முடியல. இன்னொண்ணு பிளாஸ்டிக்கு, மாட்டறப்பவே படக்குன்னு போச்சு. எனக்கு ஒத்தக் கையில, அதும் எடது கையில, கனத்த உறை போட்டுட்டு வெக்கற மாதிரி, எடுக்கற மாதிரி ஒண்ணு வேணும். பக்கெட்டு விளிம்புல மாட்டிக்கோணும்."

"இவ்வளவுதானுங்களா? ஒரு வாரத்துல அனுப்பறேன்," என்றேன். வாய்ச்சவடாலுக்கு என்னை மிஞ்ச ஆளில்லை.

மருமகன் கோலின் அளவுகளை அனுப்பினான். கையில் வைத்துப் பார்க்க உக்கடத்தில் தூண்டில் சாமான் விற்கும் கடையில் ஒரு கோல் வாங்கி அதே நீளத்துக்கு வெட்டிக்கொண்டேன். ஃபிட்டரும் நானும் மூன்று நாள் உட்கார்ந்து முதல் தாங்கியைச் செய்தோம். எஸ்எஸ் தகடு, கீல், உள்ளே ஸ்பிரிங். கோலை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் குரங்குப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். நான் பிடித்து ஆட்டினேன், அசையவில்லை. ஃபிட்டர் தொங்கியே பார்த்தார், அசையவில்லை. வீடியோவில் அக்காவிடம் காட்டினேன்.

அவள் சிரித்த சிரிப்பில் அந்தப் பக்கம் இருமல் வந்துவிட்டது. "ஏஞ்சாமி, இது மீனு புடிக்கவா, போர்ல மோட்டார் எறக்கவா?"

"ஆடாதுங்கக்கா. திமிங்கலம் இழுத்தாலும் ஆடாது."

"ஆடோணுமடா. குளுருல மீனு வேகமா வந்து கடிக்காது. சும்மா வந்து மோந்து பாத்துட்டுப் போகும். அது தொட்டா கோலு நுனி லேசாத் தலையாட்டும். அது எனக்குத் தெரியோணும். கையில புடிச்சிருந்தா கையில தெரியும். இப்பக் கண்ணுலயாவது தெரிய வேண்டாமா?"

ஆட வேண்டும் என்று ஒருவர் என்னிடம் சாமான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அதோடு இன்னொரு பாடமும் சேர்ந்து வந்தது. உறைபனி தாங்குமா என்று பார்க்க, பக்கத்து பேக்கரியில் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் தாங்கியைத் தண்ணீரில் நனைத்துப் போட்டு வைத்தேன். பேக்கரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏனுங்க, கப் ஐஸ் கேக்கறவங்களுக்கு நான் இதை எடுத்து நீட்டிடப் போறனுங்க." மறுநாள் எடுத்தால் கீல் திறக்கவே இல்லை. இடைவெளியே விடாமல் இழைத்துச் செய்திருந்தோம் அல்லவா, அந்தத் துளி இடத்தில் புகுந்த தண்ணீர் உறைந்து, வெல்டு வைத்தது போலப் பிடித்துக்கொண்டது. நாங்கள் பெருமைப்பட்ட வேலைத்தனமே அதன் எமன்.

அதன்பிறகு கார்த்திகை முழுக்க அக்காவும் நானும் காலையில் பேசினோம். அதுவரை அவளும் நானும் அவ்வளவு பேசியதே இல்லை. சமையல்கட்டு மேசையில் உட்கார்ந்து, இடது கையில் உறையைப் போட்டுக்கொண்டு, ஒரு தோசைக் கரண்டியைக் கோலாக வைத்துச் செய்து காட்டுவாள். "இப்படிச் சாய்ச்சு வெப்பேன். இப்படி மேல தூக்குவேன். மூடி கீடி ஒண்ணும் வேண்டாம், மேல தொறந்தே இருக்கட்டும்." நான் சாக்பீஸால் மேசைமேல் வரைந்து காட்டுவேன். அவள் வேண்டாம் என்பாள். அழித்துவிட்டு மறுபடி வரைவேன். யாராவது பார்ட்டி இத்தனை தடவை மாற்றச் சொல்லியிருந்தால் ஆர்டரையே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

கடைசியில் வந்தது மிகச் சாதாரணமானது. அலுமினியத்தில் மேல்பக்கம் திறந்த ஒரு கவை, கோலின் கைப்பிடி தளர்வாக உட்காருகிற அகலத்துக்கு. அடியில் ஒரு ரப்பர் துண்டு. அதைத் தாங்குவது விரல் அகலத்தில் மெல்லிய ஸ்பிரிங் பட்டை. பட்டைக்குக் கீழே ஒரு தடுப்பு. தொட்டால் கவை தலையாட்டும். ரீலைச் சுற்றும்போது கோல் அழுந்தினால் பட்டை தடுப்பின்மேல் உட்கார்ந்து, பிறகு அசையாது. பக்கெட் விளிம்பில் மாட்ட, உறை போட்ட உள்ளங்கையால் திருப்புகிற மாதிரி பெரிய குமிழ் வைத்த ஒரு கிளாம்பு. ஐஸ்கிரீம் பெட்டியில் இரண்டு நாள் கிடந்தும் உறையவில்லை, உறைவதற்கு அதில் மூடிய இடமே இல்லை. ஃபிட்டர் கோலை வைத்து நுனியில் ஒரு கடுகளவு ஊதினார். அது தலையாட்டியது.

வீடியோவில் அதைப் பார்த்த அக்கா, இன்னொரு தடவை ஊதச் சொன்னாள். நான் என்னவோ ஏதோ என்று பயந்தேன்.

"இதுதான் தம்பி," என்றாள். கண் கலங்கியிருந்தது. "இதேதான். அப்படியே அனுப்பிப்போடு."

அது மார்கழி கடைசி. அங்கே ஏரி இறுகி மூன்று வாரம் ஆகியிருந்தது. பங்குனி பாதி வரை தாங்கும். அன்றே அனுப்பியிருந்தால் பத்து நாளில் போய்ச் சேர்ந்திருக்கும். எட்டு சனிக்கிழமையாவது அவளுக்குக் கிடைத்திருக்கும்.

நான் அனுப்பவில்லை. அலுமினியத்தில் கட்டரின் தடம் வரிவரியாகத் தெரிந்தது. வெளிநாடு போகிற சாமான், நாலு பேர் பார்ப்பார்கள், கோயம்புத்தூர்க்காரன் வேலை இவ்வளவுதானா என்று சொல்லிவிட்டால்? நல்ல நீலத்தில் பவுடர் கோட்டிங், பொடியைத் தூவி அடுப்பில் சுடுகிற பூச்சு, போட்டு அனுப்பலாம் என்று முடிவு செய்தேன். பெருந்துறையில் எனக்கு வழக்கமாகப் போட்டுக்கொடுக்கிற இடத்தில் கொடுத்தேன். ஒரே ஒரு சாமானுக்காக அடுப்பைப் பற்றவைக்க மாட்டார்கள், நீலத்தில் வேறு லோடு வரும்போது சேர்த்துப் போடுகிறேன் என்றார்கள். பொங்கல் வந்தது, லீவு வந்தது. லோடு வந்து போட்டுக் கொடுத்தபோது பூச்சு ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளிபுள்ளியாக இருந்தது. நான் அதைத் தூக்கி மேசையில் எறிந்தேன். சுரண்டி, தேய்த்து, மறுபடி அனுப்பினேன்.

"அவங்க கேட்டது கோலு வெக்கறதுக்குத்தானுங்களே, கொலுவுல வெக்கறதுக்கு இல்லையே. அனுப்பிப்போடுங்க," என்றாள் என் வீட்டுக்காரி. உனக்கு வேலையைப் பற்றி என்ன தெரியும் என்று நான் அவள் வாயை அடைத்தேன்.

அக்காவும் கேட்டாள். தை முடிவதற்குள் மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை நான் எரிந்து விழுந்தேன்.

"பதறாத காரியம் சிதறாதுங்கக்கா. சும்மா சும்மா கேட்டா எப்படி? நானென்ன வெச்சுட்டு வெளையாடறனா?"

"செரி சாமி, உன்ற இஷ்டம்," என்றாள்.

அந்தச் 'செரி சாமி' இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

மாசியில் பூச்சு நான் நினைத்தபடி வந்தது. வானத்து நீலம், கண்ணாடி மாதிரி. கொண்டுவந்த நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம். மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமை இரும்பு வீட்டுக்குள் வரவும் கூடாது, வெளியே போகவும் கூடாது என்று எங்களில் பார்ப்போம். கவை அலுமினியம் என்றாலும் பட்டையும் கிளாம்பும் இரும்புதானே. அக்காவுக்குப் போகிற சாமான் நல்ல நாளில் போகட்டும் என்று இருந்தேன். திங்கட்கிழமை வேறு ஆர்டர் அவசரம். புதன்கிழமை கூரியரில் கொடுத்தேன். வழியில் எங்கோ சுங்கத்தில் பெட்டி இரண்டு வாரத்துக்கு மேல் கிடந்தது. பங்குனி கடைசியில் போய்ச் சேர்ந்தது.

மருமகன்தான் கூப்பிட்டான். "நெம்ப நல்லா இருக்குதுங்க மாமா. ஆனா கூடாரமெல்லாம் எடுக்கச் சொல்லிட்டாங்க. ஐஸுமேல தண்ணி நிக்க ஆரம்பிச்சிருச்சு."

"ஒரே ஒரு நாளு, ஓரமா உக்காந்துட்டு வந்துர முடியாதா மாப்பள?"

"ஓரந்தானுங்க மாமா மொதல்ல ஒடையும்."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான். அக்கா போனை வாங்கினாள். "அதுக்கென்ன, அடுத்த குளுருக்கு ஆச்சு. ஏரி எங்கியும் போயிராது," என்றாள். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த குளிர்காலம் என்று ஒன்று எல்லோருக்கும் இருக்கத்தானே செய்கிறது என்று நினைத்தேன்.

சித்திரையிலிருந்து அவள் என்னோடு வீடியோவில் பேசுவது வழக்கமாயிற்று. நான் ஷட்டரைத் தூக்கும் நேரத்துக்குச் சரியாக மணி அடிக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பேசுவாள். எலுமிச்சஞ்சாதம், ஏதாவது கீரை, இடது கையில் ஸ்பூன். ஆனால் படம் ஒரு நிலையில் நிற்காது. அவள் சிரித்தால் ஆடும், மேசையில் கை பட்டால் ஆடும். மெல்ல மேலும் கீழுமாக ஆடி ஆடி அப்புறம் நிற்கும். அது எனக்கு ஆகாது.

"போன ஆட்டாமப் புடிங்கக்கா, தல சுத்துது."

"கெழவி கையி, ஆடத்தான் செய்யும்," என்பாள். ஒரு மாதிரி சிரிப்பாள்.

இப்படி ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் ஒரு ஐம்பது தடவையாவது நான் அவளிடம் போனை ஆட்டாதீர்கள் என்று சொல்லியிருப்பேன்.

புரட்டாசி கடைசியில், அங்கே இலையெல்லாம் உதிர்ந்து ஏரி இறுகுவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது, அவளுக்கு இரண்டாவது தடவை பக்கவாதம் வந்தது. மருத்துவமனையில் ஒரு நாள் இருந்தாள். அவ்வளவுதான். பேசவில்லை.

விசாவுக்கு அலைந்து நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று தெரிந்துவிட்டது. எங்களில் பெண் இறந்தால் அவள்மேல் போர்த்துகிற கடைசிச் சேலை பிறந்த வீட்டிலிருந்து போக வேண்டும். பிறந்த வீட்டுக் கோடி என்போம். எத்தனை சண்டை சச்சரவு இருந்தாலும் கோடி போகாமல் இருக்காது. உடன்பிறந்தவன் ஒருத்தன் உயிரோடு இருந்தும் அவளுக்கு என் கையால் கோடி இல்லை. இருந்தாலும் காந்திபுரத்துக்குப் போய் ஒரு சேலை எடுத்தேன். அரக்கில் மஞ்சள் கரை. கடைக்காரப் பெண், "யாருக்குங்கய்யா, ப்ளவுஸோட பாக்கட்டுங்களா?" என்று கேட்டாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அவர்களுக்குக் காலை, எங்களுக்கு விளக்கு வைக்கிற நேரம். வீட்டுக்காரியும் நானும் போனை எதிரில் சாய்த்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தோம். சேலை என் மடியில் இருந்தது. திரையில் ஒரு நீளமான அறை. பெட்டியில் அக்கா. பத்துப் பன்னிரண்டு பேர் கோட்டோடு நின்றார்கள். அங்கே ஒரு கடையில் வாங்கிய சேலையை மருமகன் கையில் வைத்திருந்தான். "மாமா, இது நீங்க எடுத்ததா நெனச்சுக்கறேன், போர்த்தட்டுங்களா?" என்றான். நான் தலையை ஆட்டினேன்.

அவன் நடந்து போய்ப் போர்த்தினான். சரியாக அந்த நேரத்தில் படம் ஆட ஆரம்பித்தது. மேலும் கீழும், மெல்ல. அக்காவின் முகம் வருவதும் மறைவதுமாக இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"யாரப்பா அது போனப் புடிச்சிருக்கறது? சித்த ஆட்டாமப் புடிங்க. கடைசியா மொகத்தப் பாக்கோணுமல்ல!"

மருமகன் திரும்பிப் போனுக்குப் பக்கத்தில் வந்தான். "யாரும் புடிக்கலீங்க மாமா. நீங்க செஞ்ச ஸ்டாண்டுலதான் மாட்டி வெச்சிருக்குது. நான் நடந்தது மேசையில அதிருது போல. அம்மா எப்பவும் உங்ககிட்ட இதுல வெச்சுத்தானுங்களே பேசுவாங்க?"

வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். படம் ஆடி ஆடி, தானாக நின்றது. அதன்பிறகு அக்காவின் முகம் நன்றாகத் தெரிந்தது.

தை மாதம் மருமகன் அஸ்தியை எடுத்துக்கொண்டு வந்தான். வந்து இறங்கியது சனிக்கிழமை. வாசலில் நின்று, பையிலிருந்து அக்காவின் சால்வையில் சுற்றிய ஒன்றை எடுத்தான். இரும்பைக் கையோடு கை கொடுக்கக் கூடாது என்று அவனுக்கும் தெரியும், கீழே வைக்கக் குனிந்தான். நான் கையை நீட்டி அப்படியே வாங்கிக்கொண்டேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது அவன் அதை மாட்டிக் காட்டினான். மேசை விளிம்பில் கிளாம்பு. கவைக்குள் ஒரு கைக்குட்டையை மடித்து இடுக்கி, அதில் போனை நிறுத்துவாளாம். "மொத நாளே மாட்டிட்டாங்க மாமா. ஒரு கையில போனப் புடிச்சுட்டா சாப்பட முடியறதில்ல, உங்ககூடப் பேசறப்பத்தான் அவங்களுக்குச் சோறு எறங்கும்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே மாப்பள."

"நானும் கேட்டனுங்க. சொல்லீராத, இது போனுக்குச் செஞ்சது இல்ல, போனுக்குத் தனியா ஆடாம ஒண்ணு செய்யறேன்னு ஆரம்பிச்சிருவான், அதுக்கு ஆறு மாசம் ஆக்கிப்போடுவான்னு சொன்னாங்க."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். வீட்டுக்காரி எழுந்து உள்ளே போய்விட்டாள். அக்கா சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நான் அப்படித்தான் செய்திருப்பேன்.

மறுநாள் பவானி கூடுதுறையில் அஸ்தியைக் கரைத்தோம். நான் எடுத்த கோடியையும் கூடவே ஆற்றில் விட்டேன். அது நனைந்து மூழ்க நேரம் பிடித்தது. அதுவரை தண்ணீரிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை தாங்கியைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பழக்கதோஷம். கவையின் இடது பக்க விளிம்பில் பூச்சு போயிருந்தது. போனை வைக்கும்போதும் எடுக்கும்போதும் அவளுடைய கட்டைவிரல் படுகிற இடம். தினமும் பட்டுப் பட்டு நீலம் தேய்ந்து, அலுமினியம் வெள்ளையாகத் தெரிந்தது. இரண்டு தடவை போடவைத்த பூச்சு, அவளுடைய எட்டு சனிக்கிழமையையும் தின்ற பூச்சு, ஆறு மாதம் தாங்கவில்லை. அதற்கு அடியில், நான் யாரும் பார்க்கக் கூடாது என்று மறைத்த கட்டர் தடம் வரிவரியாக அப்படியே இருந்தது.

ஃபிட்டர் வந்து வாங்கிப் பார்த்தார். தேய்ந்த இடத்தில் விரலை வைத்துத் தடவினார்.

"கோட்டிங் போயிருச்சுங்களேண்ணா. பெருந்துறைக்கு லோடு போறப்ப சொரண்டிப் போட்டு மறுபடி குடுத்துரலாமுங்களா?"

"வேண்டாம்," என்றேன். "அப்படியே இருக்கட்டும்."

போன வருடம் இதே மாதம் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.